பெறாமகனின் சாட்சியம்: அம்ரிதா ஷேர்-கில்லின் வாழ்வும் விவான் சுந்தரத்தின் மீள்நோக்கும்

கலைஞர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதப் புகும் வரலாற்றாசிரியனுக்கு இருவகையான சான்றுகள் கிடைப்பதுண்டு. ஒன்று, அக்கலைஞர் விட்டுச்சென்ற படைப்புகள். மற்றையது, அவருடைய குடும்பத்தார் வைத்திருக்கும் கடிதங்கள், நிழற்படங்கள், வாய்மொழி நினைவுகள் ஆகியன. முன்னையவை பொதுச்சொத்தாகி அருங்காட்சியகங்களிலே இடம்பெற்றுவிடுகின்றன. பின்னையவையோ பெட்டிக்குள்ளே பூட்டப்பட்டுக் கிடக்கும், அல்லது எரிக்கப்படும். பூட்டுவதற்கும் எரிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: குடும்ப மானம்.

நம்மிடையே முற்போக்கு விமரிசகர்கள் இவ்விரண்டாம் வகைச் சான்றினைப் பெரிதும் பொருட்படுத்தியதில்லை. ஓவியனுடைய படைப்பு எந்த வர்க்கத்தின் பக்கம் நிற்கிறது என்பதே கேள்வி. அவன் யாரை நேசித்தான், யாருடன் பிணங்கினான் என்பன வம்பளப்புக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாயிற்று. அவ்வாறு ஒதுக்குவது ஓரளவு நியாயமானதே. ஆயினும் சொத்து, மணவுறவு, பெண்ணின் உடல்மீதான அதிகாரம் ஆகிய யாவும் முதன்முதலாகச் செயற்படும் களம் குடும்பமே என்பதை நோக்குமிடத்து, தனிவாழ்வு வரலாற்றுக்குப் புறம்பானது என்று கூறிவிட முடியாது. இது தொடர்பிலே, இருபதாம் நூற்றாண்டு இந்திய ஓவியத்தின் முதன்மைப் பெயர்களுள் ஒன்றான அம்ரிதா ஷேர்-கில்லையும், அவருடைய குடும்ப ஆவணங்களைக் கையேற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் அவற்றோடு உழைத்த விவான் சுந்தரத்தையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

முதலில் உறவுமுறையைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். அம்ரிதா 1941 டிசெம்பர் 5ஆம் நாள் லாகூரிலே இறந்தபொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு. பிள்ளைகள் இல்லை. அவருடைய ஒரேயொரு தங்கையாகிய இந்திராவின் மகனே விவான். அவர் பிறந்தது 1943 மே 28இல். அதாவது அம்ரிதா இறந்து ஒன்றரை ஆண்டு கழிந்த பின்னர். ஆங்கிலம் இவ்வுறவுக்கு வழங்கும் சொல், அண்ணன் மகனையும் அக்கா மகனையும் மைத்துனர் மகனையும் வேறுபாடின்றி ஒன்றாகவே கொள்ளுவது. ஈழத்தமிழர் வழக்கிலோ இது மிகத் துல்லியமானது. தாயின் தமக்கை பெரியம்மா. அவளுக்குத் தங்கையின் மகன் பெறாமகன். பெறவில்லை; ஆனால் மகன். விவானுடைய நிலையை இதனிலும் பொருத்தமாகச் சுட்டும் சொல் பிறிதொன்றில்லை. இச்சொல்லை நாம் வலிந்து பொருத்துவதாகவும் கருதவேண்டியதில்லை. விவானின் தந்தையாராகிய கல்யாண் சுந்தரம் தமிழர், ஐ.சி.எஸ். அதிகாரியாய் இருந்து இந்தியாவின் சட்டச் செயலாளராகவும், 1958 முதல் 1967 வரை அந்நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையாளராகவும் கடமையாற்றியவர்.

அம்ரிதாவின் பெற்றோர் கூட்டு சாதாரணமானதன்று. தந்தையார் உம்ராவ் சிங் ஷேர்-கில் பஞ்சாபின் மஜீத்தியா என்னும் சீக்கிய நிலப்பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். தால்ஸ்தோயிடம் ஈடுபாடு கொண்டவர். இவற்றுக்கும் மேலாக, பல பத்தாண்டுகளாகத் தம்மையும் தம் மனைவி மக்களையும் இடைவிடாது படம்பிடித்து வந்தவர். தாயார் மரீ அந்துவானெத் ஹங்கேரிய நாட்டவர்; இசைப் பயிற்சி உடையவர்; ரஞ்சித் சிங் மன்னனின் பேர்த்தியாகிய பம்பா இளவரசியோடு லாகூருக்கு வந்தவிடத்து உம்ராவைச் சந்தித்து 1912இலே மணம்புரிந்தார். அம்ரிதா பிறந்தது 1913 சனவரி 30இல் புடாபெஸ்ட் நகரிலே. முதலாம் உலகப்போர் குடும்பத்தை ஹங்கேரியிலேயே தடுத்துவைத்தது. 1921இலேதான் அவர்கள் இந்தியா திரும்பி சிம்லாவிலே குடியேறினர். அங்கு கன்னியர்மடப் பாடசாலையிலே கற்கையில், தான் கடவுளை நம்பவில்லை என்று சொன்னமைக்காகச் சிறுமி அம்ரிதா விலக்கப்பட்டாள் என்பது பலரும் அறிந்த செய்தி.

1929இலே மகளின் ஓவியக் கல்விக்காகக் குடும்பம் பாரிசுக்குப் பெயர்ந்தது. அங்கே லூசியன் சிமோனிடம் பயின்ற அம்ரிதா, 1932இலே வரைந்த ‘இளம் பெண்கள்’ என்னும் ஓவியத்துக்காக மறு ஆண்டு கிராண்ட் சலோனிலே தங்கப்பதக்கம் பெற்றார். அவ்வோவியத்திலே அமர்ந்திருக்கும் இருவரில் ஒருத்தி தங்கை இந்திரா. ஆகவே விவானுடைய தாயார், அருங்காட்சியகத்திலே நிலைபெற்றுவிட்ட ஓர் உருவமாகவும், வீட்டிலே சோறு பரிமாறிய தாயாகவும் ஒருங்கே இருந்தவர். வழித்தோன்றல் ஒருவருடைய பார்வை ஏனைய ஆய்வாளர் பார்வையினின்றும் வேறுபடுவது இத்தகைய இடங்களிலேதான்.

1934இன் இறுதியில் அம்ரிதா இந்தியா மீண்டார். ஐரோப்பா பிக்காசோ, மத்தீஸ் போன்றோருக்கு உரியதென்றும் இந்தியாவே தனக்குரியதென்றும் கருத்துப்பட அவர் எழுதியமை பலராலும் எடுத்தாளப்பெறுவது. இளமையின் இறுமாப்பு அக்கூற்றிலே இல்லாமலில்லை. எனினும், 1936 இறுதியிலே அஜந்தாவையும் எல்லோராவையும் கண்டு, 1937இன் தொடக்கத்திலே தென்னாட்டுக்கு வந்து திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி ஆகிய இடங்களிலே தங்கிய பின்னர் அவர் தீட்டிய மூன்று ஓவியங்கள் அவ்விறுமாப்பை ஒருவாறு மெய்ப்பித்தன எனலாம். ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தவர்’ என்பன அவை. மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களை அவர் வியந்து நோக்கியதன் பயனையும், அஜந்தாவிலே கற்ற உருவ ஒழுங்கினையும் இவற்றிலே காணலாம்.

தமிழ் வாசகன் இம்மூன்றின் முன்னே சற்றுத் தரித்து நிற்றல் தகும். நம் வீட்டுச் சுவர்களிலே தொங்கிய நாட்காட்டிப் படங்களில் தெய்வங்களும் பெண்களும் வெள்ளை நிறத்தினர், கொழுமையான கன்னத்தினர். அம்ரிதாவின் கிராமத்தவரோ கரியவர், மெலிந்தவர், ஒருவரோடொருவர் பேசாதவர். அவர்களுடைய கறுப்பு நிறம் இரங்கத்தக்க குறையாக அன்றி, ஓவியத்தின் முழுக் கட்டுக்கோப்பையும் தாங்கும் வண்ணமாக நிற்கிறது. ஆனால் ஒன்று கவனிக்கற்பாலது. ‘பிரமசாரிகள்’ ஓவியத்திலே பூணூல் அணிந்த சிறுவர்களைச் சுற்றியுள்ள சாதியமைப்பினை அவர் கேள்விக்குட்படுத்தவில்லை. கேரளத்திலே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாகி இரண்டொரு மாதங்களே சென்றிருந்த வேளை அது. அந்தப் பரபரப்பின் சுவடு அவ்வோவியங்களிலே இல்லை. அவர் கண்டது அமைதியை. அமைதிக்குள் உறைந்திருந்த அடக்குமுறையை அன்று. பெரிய கலைஞரிடத்தும் அவர் பிறந்த வர்க்கத்தின் எல்லை இவ்வாறு தோன்றுதல் இயல்பு.

1938இலே, தாயாரின் எதிர்ப்பையும் மீறி, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகனை ஹங்கேரியிலே மணந்தார். பின்னர் கோரக்பூருக்கு அண்மையிலுள்ள சராயாவிலே, உறவினரின் சீனி ஆலைப் பண்ணையிலே இருவரும் வாழ்ந்தனர். மஞ்சள் அரைக்கும் பெண்கள், கட்டிலிலே சாய்ந்திருக்கும் பெண், கதை சொல்லும் முதியவர் முதலிய பிற்கால ஓவியங்கள் அங்கே பிறந்தவை. வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் சலிப்பினை அவ்வளவு நெருக்கமாக அதற்குமுன் இந்திய ஓவியர் எவரும் தீட்டியதில்லை. 1941இலே இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். டிசெம்பர் மாதத்திலே அங்கு ஓவியக் காட்சி ஒன்று நடைபெறவிருந்தது. அதற்குள் சில நாள் நோயிலே அம்ரிதா இறந்துபோனார். இறப்பின் காரணம் இன்றுவரை உறுதிப்படவில்லை. தாயார் தம் மருமகனையே குற்றஞ்சாட்டினார். அதே நாட்களிலே பிரித்தானியா ஹங்கேரிமீது போர்ப்பிரகடனம் செய்தமையால், மனைவியை இழந்த விக்டர் பகைநாட்டவராகத் தடுத்துவைக்கப்பட்டார். தாயார் 1948இலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இவ்வரலாற்றிலே நம் ஆய்வுக்கு மிக முக்கியமான நிகழ்வு அம்ரிதாவின் மரணமன்று. அதற்கு முன்னரே நிகழ்ந்த ஓர் எரிப்பு ஆகும். அம்ரிதா வெளியூரிலே இருந்த காலத்திலே, அவர் வீட்டிலே விட்டுச்சென்றிருந்த கடிதங்களை அவருடைய பெற்றோர் படித்துப் பார்த்துத் தீயிலிட்டனர். நண்பர்களும் காதலர்களும் அவருக்கு எழுதியவை அவை. சவகர்லால் நேருவின் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். பிறர் கையிலே சிக்கினால் மகளுக்கு அவதூறு விளையும் என்பது பெற்றோர் கருத்து. தால்ஸ்தோயைப் போற்றியவரும், தம் மகளை எல்லாக் கோலத்திலும் படம்பிடித்தவருமான தந்தையாரே இதற்கு உடன்பட்டார் என்பது மனங்கொளத்தக்கது. அம்ரிதா இதனை அறிந்து தந்தையாருக்கு எழுதிய கசப்பு மிகுந்த கடிதம் எஞ்சியுள்ளது. எரிந்தவை பற்றிய செய்தி எரியாத ஒன்றன் மூலமே நமக்குக் கிடைக்கிறது.

அதே பெற்றோரும் கணவரும், மகளின் ஓவியங்களில் பெருந்தொகையானவற்றை இந்திய அரசுக்கு அளித்தனர் என்பதையும் உடன் கூறவேண்டும். 1954இலே தில்லியிலே தேசிய நவீன கலைக்கூடம் திறக்கப்பட்டபோது அதன் கருவாக அமைந்த தொகுதிகளுள் அம்ரிதாவின் ஓவியங்களும் ஒன்றாகும். ஓவியத்தை நாட்டுக்கு, கடிதத்தை நெருப்புக்கு! மத்தியதர, மேட்டுக்குடிக் குடும்பங்கள் தம் கலைஞரைப் போற்றும் முறை இது. நம் நாட்டிலும் இதற்கு உதாரணங்கள் தேடிப் போகவேண்டியதில்லை.

விவான் சுந்தரம் இந்த மரபினுள்ளே பிறந்து அதனை முறித்தவர். பரோடாவிலும் இலண்டன் சிலேட் கலைக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1968இன் மாணவர் எழுச்சியிலே ஈடுபட்டு, இடதுசாரியாகவே நாடு திரும்பினார். நாடகக் கலைஞர் சப்தர் ஹாஷ்மி 1989இலே கொல்லப்பட்ட பின்னர் அவர் பெயரால் நிறுவப்பெற்ற அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர். நிலப்பிரபுக் குடும்பத்தின் வழிவந்த ஒருவர் தம் பெரியம்மாவைப் பற்றி ஆராய்வதற்கு என்ன தேவை என்று அக்கால நண்பர் சிலர் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் அவர் 1972இலேயே ‘மார்க்’ சஞ்சிகைக்காக அம்ரிதா பற்றிய கட்டுரைத் தொகுதி ஒன்றைத் தொகுத்துவிட்டார். எண்பதுகளிலே ‘ஷேர்-கில் குடும்பம்’ என்ற பெரிய எண்ணெய்வண்ண ஓவியத்தைத் தீட்டினார். 1995இலே ‘ஷேர்-கில் ஆவணக்காப்பகம்’ என்ற பெயரில் குடும்பப் படங்களையும் பொருட்களையும் பெட்டிகளிலே அடுக்கிக் காட்சிக்கு வைத்தார். வழிபாட்டுக்குரிய பெரியம்மாவை அன்றி, ஒரு வர்க்கத்தின் வாழ்முறையையே அவர் ஆய்வுப்பொருளாக்கினார் என்பது இதனாற் பெறப்படும். தந்தை, தாய், இரு பெண்கள், பியானோ, கம்பளம், பணியாளர் என அமைந்த அவ்வீடு, குடியேற்ற ஆட்சிக்கும் நிலவுடைமைக்கும் ஐரோப்பிய நவீனத்துக்கும் இடையே தொங்கிக்கொண்டிருந்த ஒன்று. அம்ரிதாவின் சுதந்திரத்துக்கும் அதன் எல்லைகளுக்கும் அவ்வீடே பொறுப்பு.

2001இலே தொடங்கி அவர் செய்த ‘அம்ரிதாவை மீளப் பிடித்தல்’ என்ற தொடரே பெருவாதத்துக்கு உள்ளானது. தாத்தா எடுத்த பழைய படங்களையும், அம்ரிதாவின் ஓவியங்களையும், பிற்காலக் குடும்பப் படங்களையும் கணினியிலே இணைத்து ஒரே சட்டகத்துள் அமைத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. வெவ்வேறு ஆண்டுகளிலே எடுக்கப்பட்டவர்கள் ஒரே அறையிலே நிற்பர். ஓவியத்திலுள்ள உருவம் ஓவியரின் அருகே வந்திருக்கும். நோன்பிருந்து மெலிந்த தன் வெற்றுடலைத் தானே படம்பிடித்த தந்தையின் பார்வையும், தன்னைத் தான் வரைந்த மகளின் பார்வையும் எதிரெதிர் சந்திக்கும். மகளைக் கண்ணாடி முன்னும் புடவையிலும் ஐரோப்பிய உடையிலும் நிறுத்தி எடுத்த தந்தையின் கண்ணிலே பாசம் மட்டுமா இருந்தது என்ற கேள்வியையும் இப்படங்கள் எழுப்பாமல் விடவில்லை.

இவை வரலாற்றைத் திரிப்பவை அல்லவா என்று கேட்போர் உளர். இக்கேள்விக்கு விடை தேட நெளுக்குளத்திலிருந்து தில்லிக்குச் செல்லவேண்டியதில்லை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம். வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலே அமைந்த இவ்வூரிலும் சூழவுள்ள ஊர்களிலும், போர்க்காலத்திலே பல தடவை இடம்பெயர்ந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. 2009க்குப் பின் மெனிக் பாம் முகாமிலிருந்து மீண்டவர்களும் உளர். அவர்கள் வீட்டுச் சுவர்களிலே தொங்கும் படங்களை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இறந்தவரின், அல்லது காணாமலாக்கப்பட்டவரின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, அவர் ஒருநாளும் அணிந்திராத கோட்டினையும் கழுத்துப்பட்டியையும் ஸ்ரூடியோக்காரர் கணினியிலே பொருத்தியிருப்பார். தந்தை மறைந்தபோது கைக்குழந்தையாய் இருந்த மகள், பூப்புனித நீராட்டு விழாச் சேலையிலே அவர் அருகே நிற்பாள். இருவரும் நிற்கும் பின்னணியோ எந்நாட்டிலும் இல்லாத பூந்தோட்டம். அப்படத்தைக் கண்டு எவரும் அதனைப் பொய் என்று கூறுவதில்லை. நடந்ததன் பதிவாக அன்றி, நடவாது போனதன் பதிவாகவே அதனை எல்லோரும் படிக்கின்றனர். விவானுடைய படங்களும் இவ்வகையினவே. ஒருபோதும் தம்மைக் காணாத பெரியம்மாவின் அருகே அவர் தம் தாயாரையும் தாத்தாவையும் மீண்டும் நிறுத்திப் பார்க்கிறார். வேறுபாடு, நம்மவர் படத்துக்குப் பூச்சரம் இடுவர். அவர் தம் படத்துக்குக் கேள்விக்குறி இடுகிறார்.

1993இலே அவர் அமைத்த ‘நினைவகம்’ என்னும் படைப்பும் இவ்விடத்திலே குறிப்பிடத்தக்கது. பம்பாய்க் கலவரத்தின்போது தெருவிலே இறந்து கிடந்த ஒருவரின் பத்திரிகைப் படத்தை அடிப்படையாகக் கொண்டது அது. பெயரறியாத அம்மனிதனுக்கு அவர் கட்டிய நினைவிடத்தின் பின்னரே குடும்ப ஆவணங்களின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். இவ்வொழுங்கு தற்செயலானது என்று நான் கருதவில்லை. அந்நியன் ஒருவனின் சடலத்தை மரியாதையோடு நோக்கக் கற்ற பின்பே, தன் வீட்டு இறப்பைப் பக்தியின்றி நோக்கும் துணிவு வந்திருக்கவேண்டும்.

எனினும், வரலாற்று மாணவனுக்கு இப்படங்களிலும் பயன்மிக்கது 2010இலே இரு பெருந்தொகுதிகளாக அவர் பதிப்பித்த அம்ரிதாவின் கடிதங்களும் எழுத்துக்களுமே. படங்களிலே விவான் கலைஞர். அங்கே எதையும் இணைக்கும் உரிமை அவருக்குண்டு. கடிதங்களிலோ அவர் பதிப்பாசிரியர். குறிப்புகளை ஓரங்களிலே வைத்து, பேசும் உரிமையை அம்ரிதாவுக்கே விட்டுவிடுகிறார். பணத்துக்காகப் பெற்றோரிடம் எழுதியவை, வங்காளப் பாணி ஓவியரைக் கடுஞ்சொல்லால் இகழ்ந்தவை, தோழி ஒருத்தியுடனான உறவு பற்றித் தாயார் கொண்ட ஐயத்துக்கு அளித்த மறுமொழி என, குடும்பத்துக்குப் பெருமை சேர்க்காதவையும் அங்கே இடம்பெற்றுள்ளன. மரணத்தின் காரணம் இதுவெனத் தீர்ப்புக் கூறும் வாய்ப்பு இருந்தும் அவர் அதனைச் செய்யவில்லை. பாட்டியாரின் குற்றச்சாட்டை முடிந்த முடிபாக ஏற்கவுமில்லை, மறைக்கவுமில்லை. பாட்டன் பாட்டி எரித்தனர், பேரன் அச்சிட்டான். மூன்றாம் தலைமுறையிலேதான் இது இயலுவதாயிற்று.

விவான் அத்தொடரைத் தொடங்கிய அதே 2001இலே பிரான்சிலே மரீனா பிக்காசோ தம் பாட்டனாரைப் பற்றிய நினைவுநூலை வெளியிட்டார். பிக்காசோ 1944இலே கம்யூனிஸ்ற் கட்சியிலே சேர்ந்தவர். சமாதானப் புறாவை வரைந்தவர். நம் முற்போக்காளர் சுவரிலே இடம்பெற்றவர். அவருடைய வாசலிலே பணத்துக்காகத் தந்தையோடு காத்துநின்ற சிறுமியின் குரலே அந்நூல். 1973இலே பாட்டனாரின் இறுதிக்கிரியையிலே கலந்துகொள்ள மறுக்கப்பட்ட அவருடைய தமையன் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். இத்துயரை எவரும் மறுத்தல் இயலாது. ‘குவெர்னிக்கா’வை இது சிறிதும் குறைக்கவில்லை என்போர் வாதமும் சரியே, ஆனால் அவ்வாதத்தை அவசரமாக முன்வைப்பது, பாதிக்கப்பட்டவரைப் பேசவிடாது தடுப்பதாகும். மரீனா பாதிக்கப்பட்டவராக நின்று பேசினார். விவானுக்கு அத்தகைய காயம் இல்லை. அது அவருக்குக் கிடைத்த வசதி. அவ்வசதியை ஆவணத்துக்குப் பயன்படுத்தியமையே அவருடைய சிறப்பு.

குறைகளும் உண்டு. அம்ரிதா வரைந்த மலைவாழ் மக்களோ, சராயாவிலே மஞ்சள் அரைத்த பெண்களோ, குடும்பத்துப் பணியாளர்களோ இவ்வாவணக்காப்பகத்திலே பெயருடன் இடம்பெறுவது அரிது. அவர்களுக்குப் பெறாமகன் எவனும் பெட்டி திறக்கவில்லை. மார்க்சியரான விவான் இக்குறையை உணராதவரல்லர். ஆயினும் குடும்பப் பெட்டியிலே இல்லாததை அதிலிருந்து எடுத்துத்தர அவராலும் இயலவில்லை.

விவான் 2023 மார்ச் 29ஆம் நாள் தில்லியிலே காலமானார். அவ்வாண்டு செப்ரெம்பரிலே அம்ரிதாவின் 1937ஆம் ஆண்டு ஓவியமாகிய ‘கதைசொல்லி’ தில்லி ஏலத்திலே 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோயிற்று. அந்நாள்வரை இந்திய ஓவியம் எதுவும் ஏலத்திலே அத்தொகையை எட்டியதில்லை. தம் வாழ்நாளிலே ஓவியங்களை விற்க அம்ரிதா பட்டபாட்டினை அக்கடிதங்களிலே படித்தோருக்கு இத்தொகை எத்தகைய உணர்வைத் தரும் என்று கூறவேண்டியதில்லை. 1976 முதல் அவருடைய படைப்புகள் இந்தியாவின் தேசியக் கலைச்செல்வமாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. நாட்டைவிட்டு வெளியே செல்லமுடியாதவை. கடிதங்களுக்கு அத்தகைய சட்டப் பாதுகாப்பு எதுவும் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்து ஓவியர் அ. மாற்கு 2000ஆம் ஆண்டிலே மறைந்தார். அவருடைய ஓவியங்கள் பல போர்க்கால இடப்பெயர்வுகளிலே தவறிப்போயின. அவரிடம் பயின்றோர், அவரை அறிந்தோர் வடபுலமெங்கும் உளர். அவர்களிடம் ஒரு கோட்டுச்சித்திரமோ, ஒரு கடிதமோ, பின்புறத்திலே அவர் கையெழுத்து உள்ள ஒரு படமோ எஞ்சியிருக்கக்கூடும். அவை எந்தப் பெட்டியிலே, யாருடைய வீட்டிலே இருக்கின்றன என்று கேட்டுச் செல்லும் வேலை நம் மாணவர் கைக்கு எட்டும் தூரத்திலேதான் இருக்கிறது.